அந்தப் பெண் கேட்டது என்ன?

போன மாதம் நிவேதா போனில் அழைத்தாள். நான் வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கல்லூரியில் அவள் இப்போது கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். மாணவிகளோ பெண் ஊழியர்களோ பாலியல் தொல்லை என்று சொன்னால் விசாரிக்க, ஒவ்வொரு கல்லூரியிலும் சட்டப்படி ஒரு குழு இருக்க வேண்டும். உள்ளகப் புகார்க் குழு என்று பெயர். அதன் தலைமைப் பொறுப்பு வெகுகாலம் என்னிடம் இருந்தது. இப்போது அவளிடம் இருக்கிறது.

“மேம், எல்லா மாடியிலயும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கோம். பிள்ளைக போன்ல ஸ்கேன் பண்ணினா புகார் நேரா எனக்கு வந்துரும். ஒட்டி இம்புட்டு நாளாச்சு, ஒண்ணுகூட வரல. இது நல்லதா, கெட்டதா?”

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். பிறகு, “இந்த வருஷம் யாராவது லேப் பேட்ச் மாத்தணும், பஸ் ஸ்டாப் மாத்தணும், கைடு மாத்தணும்னு கேட்டு வந்தாங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் துறைத் தலைவருகிட்டப் போகும் மேம். எனக்கு எப்படித் தெரியும்?”

“அதை முதல்ல போய்க் கேட்டுப் பாரு.”

போனை வைத்த பிறகும் அவள் கேள்வி என்னை விடவில்லை. புகார் என்பது எங்கள் ஊரில் புகாராக வருவதில்லை. எனக்குத் தெரிந்தவரை அது எப்படி வந்தது, வந்தபோது நாங்கள் என்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தது விருதுநகர். மதுரையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, சிவகாசிக்குப் போகும் சாலையில் உள்ள இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். நடுவில் நடந்தவற்றில் பாதி, அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகக் கலக்கச் சொல்லிக்கொடுத்ததுதான். புகார்க் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அறிவியல் துறைகளில் மூத்த பெண் நான்தான். மதுரையில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எது தொல்லை, எது இல்லை என்று வரையறைகளை விளக்கினார்கள். மதியம் நல்ல சாப்பாடு. ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்தால் எப்படிப் பேச்சைத் தொடங்குவாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

முதல் வேலையாக அலுவலகத்துக்கு வெளியே ஒரு புகார்ப் பெட்டி தொங்கவிட்டோம். திறந்து பார்த்தால் மின்விசிறி ஓடவில்லை, கேன்டீன் சாம்பாரில் தண்ணீர் என்று சீட்டுகள் கிடக்கும். ஏன் என்று யோசித்தபடி ஒரு நாள் அந்தப் பெட்டிக்கு எதிரில் நின்று பார்த்தேன். அலுவலகத்தில் இருக்கும் எல்லாருக்கும் பெட்டி தெரிந்தது. அதில் சாம்பாரைப் பற்றித்தான் எழுதிப் போட முடியும்.

அந்தச் சமயத்தில்தான் திருத்தங்கல் மாணவி ஒருத்தி, கல்லூரிப் பேருந்தில் தான் இறங்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டு அலைந்துகொண்டிருந்தாள். பேருந்துப் பொறுப்பாளர், இறங்குமிடம் வருட ஆரம்பத்தில் தீர்மானித்தது, நடுவில் மாற்றக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் சிபாரிசுக்கு வந்தாள். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். மெல்ல மெல்ல வந்தது. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையன் தினமும் அந்த நிறுத்தத்தில் வந்து நிற்கிறான். அவள் இறங்கியதும் போனை வாங்கி யார் யாருடன் பேசினாள் என்று பார்க்கிறான். ஒரு நாள் ஊர்க்காரர்கள் முன்னால் கன்னத்தில் அடித்திருக்கிறான்.

அவன் எங்கள் கல்லூரி மாணவன் இல்லை. அடித்த இடம் எங்கள் வளாகம் இல்லை. குழுவின் வரம்புக்குள் இது வருமா வராதா என்று சட்டத்தைப் புரட்டிவிட்டு முதல்வர் அறைக்கு ஓடினேன்.

முதல்வர் கோமதி மேடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாவரவியல்காரர். அதிகம் சிரிக்க மாட்டார், அதிகம் கோபப்படவும் மாட்டார். யாராவது முக்கியமான விஷயத்தோடு உள்ளே வந்தால், கையிலிருக்கும் பேனாவை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதங்களைத் தள்ளி வைப்பார். அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார். அது தெரியாமல் பேசத் தொடங்கியவர்களை, கையைக் காட்டி நிறுத்துவார்.

நான் சொல்லி முடித்ததும், “அந்தப் பொண்ணு என்ன கேட்டா?” என்றார்.

“மேடம், அவன் அவளை ரோட்டுல வச்சு அடிச்சிருக்கான்.”

“அது நடந்தது. அவ கேட்டது என்ன?”

“இறங்குற இடத்தை மாத்தணுமாம்.”

“பஸ்சு நம்ம பஸ்சுதானே வசந்தா?”

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில், அவள் சித்தி வீட்டுப் பக்கம் இறங்கினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சட்டம், விசாரணை என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு ஒரு பேருந்து நிறுத்தம்தான் கிடைத்தது. ஆனால் சில மாதம் கழித்து அவளாகவே மறுபடி வந்தாள். இந்தக் கல்யாணம் வேண்டாம், வீட்டில் சொல்ல யாராவது பெரியவர்கள் கூட வர முடியுமா, வக்கீல் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். முதலில் கேட்டது கிடைத்ததால்தான் இரண்டாவதைக் கேட்கத் துணிந்தாள் என்று நினைக்கிறேன். பரிசோதனை செய்து நிரூபிக்க முடியாது. நினைக்கிறேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். யார் எதை மாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

கொரோனாவுக்குப் பிறகு கல்லூரி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த காலம். எம்.எஸ்சி. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். அவளைச் செல்வி என்று சொல்கிறேன். அது அவள் பெயர் இல்லை. இங்கே வரும் மற்றவர்கள் பெயர்களும் அப்படித்தான். அவள் இந்தக் கட்டுரையை வாசித்து, ஒரு பத்தியை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

“மேம், எனக்கு புராஜெக்ட் கைடு மாத்தித் தருவீகளா?”

அவளுடைய கைடு எங்கள் துறையில் எல்லாருக்கும் வேண்டப்பட்ட ஆசிரியர். பசுமைப் பட்டாசு என்று பேச்சு வந்த பிறகு சிவகாசி ஆலைகளுக்குச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்க வேதியியல் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். இவருக்கு ஆலை முதலாளிகளைத் தெரியும். எங்கள் மாணவர்கள் பலருக்கு இவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குத் தானே கட்டியிருக்கிறார். அவரிடம் புராஜெக்ட் செய்ய மாணவர்கள் போட்டி போடுவார்கள். அவரிடமிருந்து மாற்றிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். அதுவே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

செல்வி எம்.புதுப்பட்டிப் பக்கம். அப்பா ஆலைகளுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா பட்டாசு ஆலையில் வேலை. தன் பெண் அதே ஆலைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை என்று செல்வி முன்பொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவளைத் தராசு அறைக்குக் கூட்டிப்போனேன். ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறை. காற்று அசைந்தால் எடை தவறாகிவிடும் என்பதால் அங்கே மின்விசிறி கிடையாது. கதவை மூடினால் வெளிச்சத்தம் கேட்காது. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. நான் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னாள்.

ஆலைக்குப் போய் மாதிரி எடுத்து வரலாம் என்று ஆசிரியர் அவளைத் தன் காரில் கூட்டிப்போயிருக்கிறார். வழக்கமாக இரண்டு மூன்று பேர் போவார்கள். அன்று அவள் மட்டும். கார் ஆலைக்குப் போகவில்லை. ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஆள் இல்லாத இடத்தில் போய் நின்றது. உன் வேலை என் கையில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்திருக்கிறார். அவள் உதறியபோது தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் கதவைத் திறந்து இறங்கி, சாலைவரை நடந்து, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் அவர் எதுவும் நடக்காதது போல, “அடுத்த வாரம் போவோம், கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன்” என்றாராம்.

“என்ன செய்யணும்னு நினைக்கிறே?”

“கைடு மாத்தணும். என் மார்க்கு அவரு கையில இருக்கக் கூடாது. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. படிப்ப நிப்பாட்டிருவாரு.”

கோமதி மேடத்திடம் போனேன். பேனா இழுப்பறைக்குள் போனது. இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்பே அவள் கேட்ட மூன்றையும் சொன்னேன். 

“அவளை மட்டும் மாத்தினா நாளைக்குக் காலையில எல்லாருக்கும் தெரிஞ்சிரும்” என்றார். “துறை முழுசும் மாத்திரலாம்.”

மறுநாள் மதியத்துக்குள் எம்.எஸ்சி. மாணவர்கள் அத்தனை பேருக்கும் கைடு மாறியது. காரணம் எதுவும் சொல்லவில்லை. துறையில் ஒரே முணுமுணுப்பு. என்னிடமிருந்த இரண்டு நல்ல மாணவர்களும் வேறொருவருக்குப் போய்விட்டார்கள். செல்வியின் மதிப்பெண் இனி அவரிடம் இல்லை. யாரும் அவளைச் சுட்டிக்காட்டவும் முடியவில்லை.

விசாரணை நடக்க வேண்டும் என்றால் எழுத்தில் புகார் வேண்டும். எழுத முடியாதவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். செல்வி எழுத மாட்டேன் என்றாள். அந்த ஆசிரியருக்குப் பயந்தா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். ஊர் பேசும் என்றா? அதற்கும் இல்லை. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளுக்கு எழுதுவதில் என்ன தயக்கம்? வேறு ஒரு நாள், வேறு பேச்சுக்கு நடுவில் அவளே சொன்னாள்.

“எங்கம்மாவுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா மேம்? கையெழுத்துக்காரி.”

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்மா வேலை பார்த்த ஆலையில் விபத்து. தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்ததால் அம்மா பிழைத்தார். விசாரிக்க வந்தவர்கள், வெடித்த அறையில் அன்று எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டார்கள். அனுமதித்த அளவைவிட அதிகம் பேர் இருந்தார்கள் என்று அம்மா உள்ளதைச் சொன்னார். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதினார்கள் என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அடுத்த சீசனில் எந்த ஆலை வண்டியும் அம்மாவை ஏற்றிக்கொள்ளவில்லை. காலையில் தெருமுனையில் போய் நிற்பார், வண்டி நிற்காமல் போகும். வெகுநாள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பிறகுதான் வேறொரு ஆலையில் வேலை கிடைத்தது.

“அம்மா பொய் சொல்லல. கையெழுத்துப் போட்டாக, அம்புட்டுதான். நானும் போட்டா ரெண்டாவது கையெழுத்துக்காரி ஆயிருவேன்.”

மதுரைப் பயிற்சியில் மாணவிகள் புகார் கொடுக்கத் தயங்குவதற்கான காரணங்கள் என்று ஒரு பெரிய விளக்கம் கொடுத்திருந்தார்கள். வெட்கம், பயம், குடும்ப கௌரவம். ஒரு ஆலை விபத்து விசாரணையும் காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளில் இப்படிக் கையெழுத்துக் கதை இருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

இதைக் கோமதி மேடத்திடம் சொன்னபோது, அவர் அவசரப்பட வேண்டாம் என்றார். “நேரம் இருக்கு. அவளா வரட்டும். அவசரம்னு நாம நெருக்கினா, அந்த விசாரணைக்காரங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?”

முதலில் வந்தது செல்வி இல்லை, அவள் அம்மா. செல்வியே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஆலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். கைவிரல் மடிப்புகளில் அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி மின்னியது. படிப்பை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன சொல்லித் தடுப்பது என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டே முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனேன். செல்வியும் வந்தாள்.

அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், நான் கையெழுத்துப் போட்டது தப்புன்னு இன்னைக்கும் நினைக்கல. ஆனா போட்ட மறுநாள் எம்பக்கம் ஒருத்தரும் நிக்கல. வாங்கிட்டுப் போனவுக திரும்பி வரவே இல்ல. இப்ப இவ போட்டா யாரு நிப்பீக? நீங்க நிப்பீகளா?”

நான் ‘கட்டாயம் நிற்போம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். கோமதி மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முடியாதத முதல்ல சொல்லிர்றேம்மா. யாரும் எதுவும் பேசாம பாத்துக்குவேன்னு என்னால சொல்ல முடியாது. பேசுவாங்க. அவரைக் கண்டிப்பா வேலையை விட்டு அனுப்புவேன்னும் சொல்ல முடியாது. அது நிர்வாகம் முடிவு பண்றது. விசாரணையில உங்க பொண்ணு சொன்னதுதான் நிக்கும்னும் சொல்ல முடியாது. விசாரிச்சாத்தான் தெரியும்.”

அந்த அம்மா கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முடியிறது என்னன்னா, இவ படிப்புக்கும் மார்க்குக்கும் நான் பொறுப்பு. அவரு இவளோட ஒரு பேப்பரைக்கூடத் தொட மாட்டாரு. இவ சொல்றத எழுதி, இவகிட்டயே வாசிச்சுக் காட்டுவோம். பிடிக்காத வரி இருந்தா அடிச்சிரலாம். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஒரு நகல் இவ கையில இருக்கும். போலீசுக்குப் போகணும்னா, இவ சொன்னா நானே கூட வருவேன். சொல்லலைன்னா போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன்.”

நான் அவருடன் அத்தனை வருடம் வேலை பார்த்ததில் அன்று பேசியதுதான் அதிகம். அந்த அம்மா மகளைப் பார்த்தார்.

“நீ என்ன சொல்லுதே?”

செல்வி, “நகல் குடுக்கிறாகன்னா போடுறேம்மா” என்றாள்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று எழுந்தார் அந்த அம்மா. “நீங்க யாரும் சொல்லாதீக.”

புகார் வந்ததும் கல்லூரிச் செயலாளர் வந்துவிட்டார். அச்சகம் வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி செய்பவர். அதனால்தான் அவர் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“மேடம், இவரு போயிட்டா நம்ம பிள்ளைகளுக்குக் கம்பெனியில யாரு வேலை வாங்கித் தருவா? ஒரு பொண்ணுக்காக அம்புட்டுப் பேரு வேலையும் போகணுமா? அவரைக் கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டுருவோம். அந்தப் பொண்ணு பேரும் வெளியே வராது.”

கோமதி மேடம், “வேலை வாங்கித் தர்றது ஒரு ஆளு கையில இருக்கிறதாலதான் சார் இது நடந்துச்சு” என்றார். “அதைக் காலேஜ் கைக்கு எடுத்துக்கலாம். விசாரணை வேற, அது வேற.”

செயலாளர் எழுந்து போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

விசாரணையை எங்கே, எப்போது வைப்பது என்பதே பெரிய வேலையாக இருந்தது. வகுப்பு முடிந்த பிறகு வைத்தால் செல்வி கல்லூரிப் பேருந்தைத் தவறவிடுவாள். பேருந்தில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் ஊருக்குள் போவதற்குள் கதை கட்டி முடித்திருப்பார்கள். அதனால் அவள் புராஜெக்ட் வேலைக்கு வெளியே போகும் நேரத்தில் வைத்தோம். நூலகத்துக்குப் பின்னால் இரண்டு வாசல் உள்ள ஒரு அறை. அவள் நூலகம் வழியாக வருவாள். அந்த ஆசிரியர் வேறு ஒரு நாளில், வேறு வாசலில் வருவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க நேரக் கூடாது. அவர் அவளைக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம், நாங்கள் கேட்போம். மேசையை எடுத்துவிட்டு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டோம். அவள் கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். வேண்டும்போது எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொன்னோம்.

எங்கள் குழுவில் வெளி உறுப்பினராக விருதுநகர் வழக்கறிஞர் மரகதம் இருந்தார். குரலை உயர்த்தாதவர். செல்வி சொன்னதை வாசித்துக் காட்டினோம். ஒரு இடத்தில் ‘பயந்துபோய் ஓடினேன்’ என்று எழுதியிருந்தது. “ஓடல, நடந்தேன்” என்றாள். திருத்தினோம். அணைக்கரையில் அது நடந்த அன்று மாலையே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்த தோழியும் வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

பிறகு அந்த ஆசிரியர் வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார். எங்களைவிட அமைதியாக இருந்தார். இவருக்கு எதிராகப் போய் இப்படி ஒரு கதையா என்று ஒரு கணம் எனக்கே இருந்தது.

“அன்னைக்கு எங்க போனீங்க சார்?” என்று மரகதம் கேட்டார்.

“கம்பெனிக்குத்தான். மத்தியானம் முழுக்க உள்ளதான் இருந்தோம். மருந்து கலக்குற ஷெட்டு வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினேன். நடுவுல துறைத் தலைவர்கூட போன் பண்ணினாரு. ஷெட்டு பக்கத்துல நின்னுதான் பேசினேன். அவரையே கேட்டுப் பாருங்க.”

நாங்கள் எல்லாருமே ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே காவலாளி வாங்கி வைத்துக்கொள்வார். தீப்பெட்டி, பீடி போல அதுவும் உள்ளே வரக் கூடாத பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நானே பலமுறை வாசலில் போனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேலையில் மும்முரமாக இருந்தேன் என்று காட்ட ஒரு சாட்சி தேடியவர், அந்தச் சாட்சி எதன் வழியாக வந்தது என்பதை மறந்துவிட்டார்.

மரகதம் பாய்ந்து பிடிக்கவில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“போன் உங்க கையில இருந்துச்சா?”

“ஆமா… இல்ல, ஆபீஸ் ரூம்ல இருக்கும்போது பேசினேன்னு நினைக்கிறேன்.”

“ஆபீஸ் ரூம் காவலுக்கு வெளியவா, உள்ளவா?”

“வெளிய.”

“அப்ப அந்தப் பொண்ணு எங்க இருந்தா?”

“கார்ல.”

“அப்ப ஷெட்டுக்குப் போனது?”

தண்ணீர் எடுத்துக் குடித்தார். “அன்னைக்கு உள்ள போகலன்னு நினைக்கிறேன். வேற ஒரு நாளோட குழப்பிக்கிட்டேன்.”

“சரி. அப்ப மத்தியானம் முழுக்க எங்க இருந்தீங்க?”

அதற்கு அன்று பதில் வரவில்லை. அடுத்த அமர்விலும் வரவில்லை. ஆலையில் கேட்டபோது, அன்று கல்லூரியிலிருந்து யாரும் வரவே இல்லை என்றார்கள். அந்த ஒரு பேச்சுத் தடுமாறலை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. தோழி சொன்னது, ஆலை சொன்னது, செல்வி தன் வாக்குமூலத்தில் எதையும் கூட்டாமல் இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். புகார் உண்மை என்றும், அவரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்றும் எழுதினோம்.

அவர் ராஜினாமா கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டு முடித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் பலருக்கும் நிம்மதி. கோமதி மேடம் அதை மேலே அனுப்ப மறுத்துவிட்டார். “ராஜினாமான்னா இவரு அடுத்த வருஷம் இன்னொரு காலேஜ்ல இன்னொரு பொண்ணுக்குக் கைடு.” நிர்வாகக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பணிநீக்க உத்தரவில் செயலாளரின் கையெழுத்து இருந்தது. அந்த ஆசிரியர் மேல்முறையீடு செய்தார், எடுபடவில்லை. இப்போது வேறு ஊரில் ரசாயன வியாபாரம் என்று கேள்வி.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஆலைகள் குறைந்தன. யாரால் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். சிலர் செல்வியிடம் பேசுவதை நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை பல நாள் காலியாக இருந்தது. அடுத்த வருடம் கோமதி மேடம் ஆலைகளுக்கு நேரில் போய்க் கேட்டு, நேர்காணலைக் கல்லூரி அரங்கிலேயே வைக்க ஏற்பாடு செய்தார். அப்போது ஆட்கள் வந்தார்கள். செல்வி திருத்தங்கலில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டாசு மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை. அம்மா ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டு.

இதில் இன்றுவரை நான் திரும்பத் திரும்ப யோசிப்பது விசாரணையைப் பற்றி இல்லை, முடிவைச் சொன்ன நாளைப் பற்றி. முடிவு வேறு யார் வாயிலாகவும் போவதற்கு முன்பு அவளுக்குத் தெரிய வேண்டும் என்று கோமதி மேடம் சொல்லியிருந்தார். செல்வியை வரச் சொல்லி, அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்க வாசித்தாள். ஆசிரியர் சொன்னதும் மரகதம் கேட்டதும் அதில் இருந்தன. வாசித்து முடித்து மடித்து வைத்துக்கொண்டாள்.

“மேம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“நான் சொன்னத நீங்க எப்ப நம்புனீக? அவரு போன் விசயத்துல மாட்டுனப்பவா, அதுக்கு முந்தியேவா?”

சட்டென்று பதில் சொல்லக் கூடாத கேள்வி. உன்னை முதல் நாளே நம்பினேன் என்று சொல்லியிருந்தால் அவள் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் அது சரியாகவும் இருக்காது. அறைக்குள் அந்த மனிதரின் அமைதியைப் பார்த்து எனக்குள் ஒரு கணம் வந்துபோன சந்தேகத்தை நான் மறக்கவில்லை.

“எப்பன்னு எனக்கே சரியாத் தெரியல செல்வி. நீ சொன்னப்ப உண்மைன்னு தோணுச்சு. நடுவுல ஒரு தடவை குழம்பினேன். ஆனா கைடு மாத்துனது நம்புனதால இல்ல. நீ கேட்டே, மாத்தினோம்.”

“அப்ப நம்புறதுக்கு முன்னாடியே மாத்திட்டீகளா?”

“ஆமா.”

வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள் போல யோசித்தாள்.

“அதுதான் நல்லது மேம்” என்றாள். “நம்புனாத்தான் மாத்துவோம்னு சொல்லியிருந்தீகன்னா, நான் அன்னைக்கு உங்க முன்னாடி அழுதிருக்கணும். எனக்கு அன்னைக்கு அழுகையே வரல.”

ஆய்வகத்தில் கரைசல் கொதித்துக்கொண்டிருக்கிறது, பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.